இரைச்சல் என்கிறான், அது யாருடைய காது?

'என்னய்யா இது, தகரத்தப் போட்டு உருட்டற மாதிரி!' விடுதி அறையில் நம் பிள்ளைகள் டெத் மெட்டல் போட்டுக் கேட்டால் வருகிற முதல் வசை இது. இரண்டாவது வசை நம் தோழர்களிடமிருந்தே வருகிறது: 'வெள்ளைக்காரன் கூச்சல் நமக்கு எதுக்கு? நம்மகிட்ட பறை இருக்கே!' இரண்டுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். முதல் வசை ஆதிக்கசாதிக் காதிலிருந்து வருகிறது. இரண்டாவது வசை, பறையை எதற்காகத் தூக்கினோம் என்பதையே மறந்துவிட்டுப் பேசுகிறது.

ஒரு இசைத்தட்டை எடுத்துக்கொள்வோம். நேபாம் டெத் குழுவின் 'ஸ்கம்', 1987ல் வந்தது. 28 பாட்டு, மொத்தம் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. அதில் ஒரு பாட்டு ஒன்றரை வினாடிகூட ஓடாது. முதல் பக்கத்தைப் பர்மிங்காமில் ஒரே ராத்திரியில், ஐம்பது பவுண்டு செலவில் பதிந்தார்கள். பங்க்கின் கோபமும் மெட்டலின் கனமும் அதில் முட்டி மோதுகின்றன. கிரைண்ட்கோர் என்று பேர் வைத்தார்கள், டெத் மெட்டலுக்குக் கூடப்பிறந்தது. கிடார் சுருதி கீழே இறங்கிக் கரகரக்கிறது. டிரம் மூச்சுவிடாமல் அடிக்கிறது. குரல் பாடுவதில்லை, உறுமுகிறது. பிசிறு தட்டின இடத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். பன்னாட்டுக் கம்பெனிகளைத் தாக்கித்தான் தட்டே ஆரம்பிக்கிறது.

'ஸ்கம்' என்றால் சாக்கடையில் மிதக்கிற அழுக்கு ஏடு. மேல்தட்டு ஆங்கிலேயன் கீழே இருப்பவனைத் திட்டுகிற வார்த்தை. அதையே எடுத்துத் தலைப்பாக வைத்துக்கொண்டான். இந்த வேலை நமக்குப் புதுசா? இங்கிலீஷ் அகராதியில் 'பறையா' என்று ஒரு சொல் இருக்கிறது, ஒதுக்கப்பட்டவன் என்று அர்த்தம். நம் பறையிலிருந்து போன சொல் அது. மேளத்தின் பேரை வசையாக்கி உலகத்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். அந்த வசையைத் திருப்பி எடுத்து நிமிர்ந்து நின்றதுதான் தலித் கலை இயக்கம்.

மெட்டல் பிறந்த இடமும் மாளிகை இல்லை. பர்மிங்காமின் டோனி அயோமி பதினேழு வயதில் தகட்டு ஆலை மிஷினில் இரண்டு விரல் நுனிகளைப் பறிகொடுத்தவர். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குக் குப்பி செய்து மாட்டினார். அந்தக் கனத்த சத்தத்தோடுதான் 1970ல் பிளாக் சபாத் வந்தது. பதினைந்து வருசத்துக்கும் மேல் கழித்து, தாட்சர் ஆட்சியில் அதே ஊரின் ஆலைகள் மூடிக்கிடந்தபோது, வேலையில்லாத வீட்டுப் பிள்ளைகள் போட்ட கூச்சல்தான் 'ஸ்கம்'. வெட்டுப்பட்ட கையிலிருந்தும் வெறும் வயிற்றிலிருந்தும் வந்த சத்தம் இனிமையாக இருக்க வேண்டும் என்று கேட்பவன் யார்?

வானூருக்கு வாருங்கள். தனித்தொகுதி. வடகிழக்கே போனால் மரக்காணம் உப்பளம். பாத்தியில் வெயில் மேலேயும் அடிக்கும், உப்பில் பட்டுக் கீழேயிருந்தும் அடிக்கும். காலெல்லாம் வெடிப்பு, வெடிப்புக்குள் உப்பு. 2013 ஏப்ரல் 25 அன்று இந்த மரக்காணத்தில்தான் தலித் வீடுகள் எரிந்தன. எரிகிற கூரைக்கு எந்த ராகம் பொருத்தம் என்று சபாக்காரர்கள் சொல்லட்டும். கமகம் தெரிந்தவன் வந்து ஆலாபனை பண்ணட்டும். நமக்குத் தெரிந்தது தொண்டை கிழியக் கத்துவது. அந்தக் கத்தலை ஒருவன் பர்மிங்காமில் பதிந்து வைத்திருந்தால் நம் பிள்ளைக்குக் கேட்டதும் புரிகிறது. வார்த்தை புரியத் தேவையில்லை.

இதுவரை சொன்னதற்குக் கைதட்டுகிற தோழர்கள் இனிமேல் சொல்லப்போவதற்குத் தட்டமாட்டார்கள். 'கரடுமுரடே அழகு, சாவு மேளமே கலகம்' என்று ஒரு பேச்சு நம்மிடையே ஓடுகிறது. டெத் மெட்டல் பேரிலேயே சாவு இருக்கிறது, நம்மிடமும் பெரிய மேளம் இருக்கிறது, மரண கானா இருக்கிறது, ரெண்டும் ஒண்ணு என்கிறார்கள். ஒண்ணு இல்லை. பர்மிங்காம் பையன் கத்தியது அவன் இஷ்டம். நம் அப்பன் அடித்தது யார் இஷ்டம்? ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் 'டேய், மோளத்த எடுத்துக்கினு வாடா' என்று சேரிக்கு ஆள் வரும். ராப்பகலா அடிக்கணும். கூலி கொஞ்சம் நெல், கொஞ்சம் சாராயம், மீதி வசை. வரமாட்டேன் என்று சொன்ன எத்தனையோ ஊர்களில் அடி விழுந்தது, வேலை நின்றது, கடையில் சாமான் மறுத்தார்கள். பறையைக் கொளுத்திவிட்டு 'இனி அடிக்கமாட்டோம்' என்று சொன்னவர்கள் கலை தெரியாதவர்கள் இல்லை, விடுதலை தெரிந்தவர்கள். ஆகவே சத்தம் கரடுமுரடாக இருப்பதாலேயே அது கலகம் ஆகிவிடாது. கட்டாயத்தில் அடித்தால் அடிமைச் சேவகம். அதே அடி, அதே தோல், தன் மேடையில் தன் இஷ்டத்துக்கு அடித்தால்தான் கலகம்.

இன்னொரு கூட்டம் வேறு பக்கம் இழுக்கிறது. 'பறை தமிழரின் ஆதி இசை' என்கிறார்கள். நல்லது. ஆதி இசை என்றால் சாவுக்கு அடிக்க ஏன் சேரிக்கு மட்டும் ஆள் அனுப்பினீர்கள்? சாதியைக் கழுவிவிட்டு மேளத்தை மட்டும் வரவேற்பறைக்குக் கொண்டுபோகிறார்கள். 2025ல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். மகிழ்ச்சிதான். அந்த விருதைக் காட்டி, கிராமத்தில் இன்றும் சாவு மேளத்துக்கு இழுக்கப்படுகிறவனை மறைக்க விடக்கூடாது.

வழி இல்லாமல் இல்லை. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் பறையையும் ராக் கிடாரையும் ராப்பையும் ஒரே மேடையில் நிறுத்தியது. அயோத்திதாசரின் சாதிபேதமற்ற கனவிலிருந்து பேர் எடுத்தார்கள். யாரும் சாவுக்குக் கூப்பிட்டு வந்தவர்கள் இல்லை. இசைவாணி பாடிய ஐயப்பன் பாட்டுக்கு ஆறு வருசம் கழித்து, 2024ல், மிரட்டல் வந்தது என்றால் சத்தம் போய்ச் சேர வேண்டிய காதில் சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

மாணவத் தோழர்களே, டெத் மெட்டல் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். 'ஸ்கம்' சொல்லித்தருகிற பாடம் ஒன்றுதான்: பெரிய ஸ்டுடியோ வேண்டாம், எவன் அனுமதியும் வேண்டாம், ஒரு ராத்திரி போதும். உங்கள் சேரியில் அடிக்கிறவர்களைப் பதிவு செய்யுங்கள். தேன் தடவாதீர்கள், பிசிறை வெட்டாதீர்கள். அடித்தவரின் பேரைத் தட்டின் மேல் போடுங்கள், கூலியைக் கையில் கொடுங்கள். அதோடு, ஊர்த்தெருச் சாவுக்கு ஆள் வந்தால் 'வரமாட்டோம்' என்று சொல்கிற பெரியவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். அங்கே நிற்காதவன் எவ்வளவு சத்தமாகப் பாட்டு கேட்டாலும் அது வெறும் இரைச்சல்தான்.