இந்த விளக்குக்கு ஆடு எத்தனை?

சனிக்கிழமை மாலை ஆறு மணி. ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளி. வகுப்பறைகள் எல்லாம் பூட்டியாகிவிட்டன. மாடிப்படிக்குக் கீழே, மீட்டர் பலகைக்கு முன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மீட்டரின் முகத்தில் ஒரு சிவப்புப் பொட்டு விட்டுவிட்டு மினுக்குகிறது. ஒருவன் அதை எண்ணுகிறான். ஒருத்தி கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் சொல்கிறாள். மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவர்களே போட்டுக்கொண்ட சட்டம்.

பத்து நிமிடத்தில் நாற்பது முறை மினுக்கியது. ஒரு யூனிட்டுக்கு 800 துடிப்பு என்று மீட்டரிலேயே அச்சிட்டிருக்கிறது. நாற்பது துடிப்பு என்றால் 0.05 யூனிட், பத்து நிமிடத்துக்கு அவ்வளவு என்றால் மணிக்கு 0.3 யூனிட். அதாவது, ஆளே இல்லாத பள்ளியில் 300 வாட் ஓடிக்கொண்டிருக்கிறது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குள் 36 மணி நேரம். பெருக்கினால் 10.8 யூனிட்.

பிறகு காவலாளியிடம் சாவி வாங்கித் தேடப் போனோம். கணினி ஆய்வகத்து யூ.பி.எஸ். உறுமிக்கொண்டிருந்தது. கேமரா பதிவுப் பெட்டியும் அதன் திரையும் யாருக்கோ படம் காட்டிக்கொண்டிருந்தன. பின்பக்கப் படிக்கட்டில் பழைய சோக் வைத்த இரண்டு நாற்பது வாட் டியூப்லைட். சோக் தின்பதையும் சேர்த்தால் அவை மட்டுமே நூறு வாட்டைத் தாண்டும். சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று காவலாளிக்கே தெரியவில்லை. "சார், இது கோயில்ல இருக்கிற நந்தா விளக்கு மாதிரி அணையவே அணையாதா?" என்று ஒரு பையன் கேட்டான்.

கேலியாகத்தான் கேட்டான். ஆனால் எரிசக்தித் தணிக்கை என்ற நம் தொழிலில் இருப்பவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய கேள்வி அது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்கு எரிக்கத் தொண்ணூறு ஆடு, தொண்ணூற்றாறு ஆடு என்று எழுதிவைத்திருக்கிறார்கள். நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய். ஆடுகளை ஏற்றுக்கொண்ட மன்றாடிகள், அதாவது இடையர்கள், அந்த நெய்யை அளந்தாக வேண்டும். ஆட்டு எண்ணிக்கை குறையவே கூடாது என்பதால் அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்றே பெயர். எரிபொருள் எங்கிருந்து வருகிறது, ஒரு நாளைக்கு எவ்வளவு, யார் பொறுப்பு என்ற மூன்றும் கல்லில் இருக்கின்றன. நம் எரிசக்தித் தணிக்கை அறிக்கைகளில் முதல் இரண்டும் இருக்கும். மூன்றாவதைத் தேடினால் 'நிர்வாகம்' என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் அந்த நிர்வாகம் யார்? கரண்ட் பில் அலுவலகத்துக்கு வருகிறது. சுவிட்ச் வகுப்பறையில் இருக்கிறது. மோட்டார் தோட்டக்காரர் கையில், ஆய்வகம் கணினி ஆசிரியர் கையில், படிக்கட்டு விளக்கு யார் கையிலும் இல்லை. பில்லைப் பார்ப்பவர் சுவிட்சைத் தொடுவதில்லை, சுவிட்சைத் தொடுபவர் பில்லைப் பார்த்ததே இல்லை. இந்த இரண்டு முனைகளையும் இணைக்க நேரமும் கால்களும் குறுகுறுப்பும் உள்ளவர்கள் மாணவர்கள்தாம். அவர்கள் செய்யும் தணிக்கையை நான் பெரிதாக நினைப்பதற்குக் காரணம் இதுதான். பிஞ்சு வயதில் சேமிப்புணர்வு என்றெல்லாம் மேடையில் பேசுபவர்கள் பேசிக்கொள்ளட்டும்.

நாம் இதுவரை அவர்களுக்குக் கொடுத்தது என்ன? 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்துக்குப் பிறகு, 2002 மார்ச்சில் எரிசக்தித் திறன் செயலகம் வந்தது. அதன் ஓவியப் போட்டியில் நாடு முழுக்கப் பிள்ளைகள் கலந்துகொள்கிறார்கள். டிசம்பர் 14 எரிசக்திச் சேமிப்பு நாள்; பேரணி, உறுதிமொழி, ஒரு சொற்பொழிவு. சொற்பொழிவாற்றப் போகிறவர்கள் பெரும்பாலும் நாம்தான். ஆனால் திருச்சியில் டிசம்பர் 14 என்பது கார்த்திகைக் கடைசி. அந்தக் குளிரில் ஃபேனை அணையுங்கள் என்று சொல்ல வல்லுநர் எதற்கு? ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் போங்கள். ஏப்ரலில், கான்கிரீட் கூரைக்கு நேர் கீழே இருக்கும் வகுப்பில் பிற்பகல் இரண்டு மணிக்குப் போய் நின்று பாருங்கள். டிசம்பரில்தான் போவேன் என்றால் வைகுண்ட ஏகாதசி உள்ளூர் விடுமுறையன்று போய் மீட்டரை எண்ணுங்கள். பூட்டிய பள்ளியின் அடிச்சுமையைக் காட்ட அதைவிட நல்ல நாள் நம் மாவட்டத்தில் கிடையாது.

வழிகாட்டிகள் இல்லாமல் இல்லை. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2006-இல் தொடங்கிய பசுமைப் பள்ளித் திட்டத்தில் மாணவர்களே தம் பள்ளியின் காற்று, நீர், நிலம், எரிசக்தி, குப்பை எல்லாவற்றையும் அளக்கிறார்கள். கேரளத்தில் எரிசக்தி மேலாண்மை மையம் பள்ளிகளுக்கென்றே ஒரு திட்டம் நடத்துகிறது. நம் பள்ளிகளில் தேசியப் பசுமைப் படை இருக்கிறது. படிவங்கள் எல்லாம் தயார். படிவத்தை நிரப்பிய பிறகு என்ன என்பதில்தான் சிக்கல்.

ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளும் முதலில் படிவம்தான் நிரப்பினார்கள். ஃபேன் 64, ஒன்றுக்கு 75 வாட், ஆறு மணி நேரம்: 28.8 யூனிட். இருபது வாட் எல்.இ.டி. டியூப் 90: 10.8. தண்ணீர் மோட்டார் இரண்டு மணி நேரத்துக்கு 4. ஆய்வகத்தில் இருபது கணினி மூன்று மணி நேரத்துக்கு 6. ஆக மொத்தம் ஐம்பது யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் ஒரு நாள் முழுக்க மீட்டரைப் பார்த்தால் ஓடியிருப்பது 38. விட்டுப்போன அந்த 300 வாட்டைச் சேர்த்தால் கணக்கு சரியாகிவிடும் என்று பார்த்தால், நாளுக்கு 7.2 யூனிட் கூடி, இடைவெளி இன்னும் அகன்றது. ஓர் ஆசிரியர், "எங்கேயோ தப்பு, பரவாயில்லை, எழுதிக்கொடுங்கள்" என்றார். நானும் அவசரப்பட்டிருந்தால் பயன்பாட்டுக் காரணி என்று ஒரு 0.7-ஐப் போட்டுப் பெருக்கி, அழகாகச் சமன்செய்து கொடுத்திருப்பேன். நாம் எத்தனை தொழிற்சாலைகளில் செய்ததுதானே!

பிள்ளைகள் விடவில்லை. வகுப்பு வகுப்பாக மறுபடியும் போனார்கள். ஆய்வகம் மூன்று மணி நேரம் திறக்கப்படுவதே இல்லை, ஒரு மணி நேரம்தான். விளையாட்டு வகுப்பு நேரத்தில் அறை காலி, ஃபேன் நிற்கிறது. ஜன்னலோர டியூப்களைப் பல வகுப்புகளில் யாரும் போடுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, 64 ஃபேனில் 11 ஓடவே இல்லை. சிலவற்றுக்குக் கண்டன்சர் போய்விட்டது, சிலவற்றில் காயில் கருகியிருக்கிறது, ஒன்றுக்கு இறக்கையே இல்லை.

அரசுப் பள்ளியானாலும் தனியார் பள்ளியானாலும், நம் ஊர்ப் பள்ளிகளில் தணிக்கை செய்யும் யாரும் இந்த இடத்தில் தடுமாறாமல் இருக்க முடியாது. ஓடாத ஃபேன் மின்சாரம் தின்பதில்லை. பில்லில் அது சேமிப்பாகத்தான் தெரியும். இருட்டான வகுப்பும் அப்படித்தான். கரும்பலகைக்கு முன்னூறு லக்ஸ் வெளிச்சம் வேண்டிய இடத்தில் நூறுகூட இல்லையென்றால், அது திறன் அல்ல, பற்றாக்குறை. பள்ளியின் யூனிட் எண்ணிக்கை குறைந்தால் வெற்றி, கூடினால் தோல்வி என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், பதினோரு ஃபேன் வாங்கச் சொல்லும் நேர்மையான தணிக்கை தோற்றுப்போகும். கேட்பாரற்ற அறைகளே பரிசு வாங்கும்.

கணக்கைத் திருப்பிப் போட்டவள் கடிகாரம் பிடித்த பெண்தான். பள்ளி மூடியிருக்கும் பதினாறு மணி நேரத்தில் அந்த 300 வாட் 4.8 யூனிட் தின்கிறது. பதினோரு ஃபேனும் ஆறு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஐந்து யூனிட். இரவில் யாருக்காகவும் இல்லாமல் எரிவது, பகலில் புழுங்கும் பிள்ளைகளுக்குக் காற்றாகப் போதும். நாற்பது பக்க அறிக்கை எழுதி, அதில் பிற்சேர்க்கை ஐந்து வைத்து நான் சொல்லியிருக்கக்கூடிய எதையும்விட இந்த ஒரு வரி தலைமையாசிரியருக்கு உடனே புரிந்தது.

பதினோரு ஃபேனை பி.எல்.டி.சி. ஃபேனாகவே வாங்கினால் ஒன்றுக்கு முப்பது வாட். மொத்தமும் நாளுக்கு இரண்டு யூனிட்டுக்குள் அடங்கும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் மீதி 53 ஃபேனையும் கழற்றிவிட்டு மாற்றச் சொல்லும் சக தணிக்கையாளர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளி ஃபேன் ஆண்டுக்கு 210 நாள், நாளுக்கு ஆறு மணி நேரம், ஆக 1,260 மணி நேரம்தான் ஓடுகிறது. மிச்சமாவது 57 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 450 ரூபாயைச் சுற்றித்தான் வரும். ஃபேன் மூவாயிரம் ரூபாய் என்றால் முதலைத் திரும்ப எடுக்க ஆறு ஏழு ஆண்டாகும். இரவு பகலாக ஓடும் மருத்துவமனைக்குப் போட்ட அட்டவணையைப் பள்ளிக்கும் ஒட்டி, இரண்டே ஆண்டில் பணம் திரும்பும் என்று எழுதுவது தொழிலுக்கு அழகில்லை. கெட்டுப்போவதை மட்டும் மாற்றட்டும். 2023 முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம். வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தால் போதும்.

அதைவிட மலிவான வேலை சுவிட்சுபோர்டில் இருக்கிறது. பல வகுப்புகளில் ஜன்னலோர டியூபும் உள்பக்கச் சுவரோர டியூபும் ஒரே சுவிட்சில் தொங்குகின்றன. வெயில் விழும் பக்கத்தை மட்டும் அணைக்க வழியே இல்லை. ஒயர்மேன் ஒருவர் அரை நாள் உட்கார்ந்தால் வரிசை வரிசையாகப் பிரித்துவிடலாம். பிரித்த பிறகு சுவிட்சுக்கு மேல் பெயர் எழுதி ஒட்டுவது பிள்ளைகள் வேலை. நான் பார்த்த பள்ளியில் 'ஜன்னல்', 'பலகை', 'நடு' என்று எழுதியதோடு நில்லாமல், கீழே பொறுப்பாளர் பெயரும் எழுதினார்கள். மன்றாடிகள் கதையைச் சொன்னதன் விளைவு.

டி.பி. பெட்டியை மாணவர் திறக்கக் கூடாது. கிளாம்ப் மீட்டர் உரிமம் பெற்ற ஒயர்மேன் கையில்தான் இருக்க வேண்டும், பிள்ளைகள் தள்ளி நின்று எண்ணை எழுதிக்கொள்ளட்டும். இதில் விட்டுக்கொடுப்பு கிடையாது. தொங்கும் ஒயர், உடைந்த பிளக் பாயின்ட், மழைக்கு ஊறும் சுவரில் சுவிட்ச் ஆகியவை கண்ணில் பட்டால் தணிக்கை அங்கேயே நிற்க வேண்டும், முதலில் அது சரியாகட்டும்.

பில்லை ஒப்பிடுவதிலும் கவனம் வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் பில்லில் மே விடுமுறை ஒளிந்துகொள்ளும், தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி விளக்கும் ஏறும். போன ஆண்டின் அதே இரண்டு மாதத்தோடு, வேலை நாளைக் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். வீட்டு பில்லைக் கொண்டுவரச் சொன்னால் பிள்ளைகளுக்கு இன்னும் வேகமாகப் பிடிபடுகிறது. வீட்டில் முதல் நூறு யூனிட் இலவசம், ஐந்நூறைத் தாண்டினால் வீதமே மாறுகிறது. 510-ஐ 490 ஆக்கினால் அம்மா கவனிப்பார்.

இனி பணம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1994-இல் ஓர் எளிய ஒப்பந்தம் போட்டார்கள். பள்ளி மிச்சப்படுத்தும் எரிசக்திச் செலவில் பாதி பில் கட்டும் நகராட்சிக்கு, பாதி பள்ளிக்கு. 'ஐம்பதுக்கு ஐம்பது' என்ற இந்த முறை பிறகு ஐரோப்பாவின் பல நாடுகளில் நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. நம்மிடம் ஓவியத்துக்குப் பரிசு உண்டு, சேமித்ததில் பங்கு இல்லை. தனியார் நிர்வாகமோ உதவி பெறும் பள்ளியின் செயலரோ நினைத்தால் நாளைக்கே இதைச் செய்யலாம். அரசுப் பள்ளியில் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போவது எளிதல்ல. ஆனாலும் பள்ளி மேலாண்மைக் குழு ஒரு தீர்மானம் போட்டு, மிச்சமான தொகைக்கு ஈடாக எந்த வகுப்புக்கு எதை முதலில் வாங்குவது என்று மாணவர்களையே கேட்கலாம். எங்கள் எட்டாம் வகுப்பைக் கேட்டபோது யாரும் சுற்றுலா கேட்கவில்லை. இறக்கை இல்லாத ஃபேன் இருக்கும் ஏழாம் வகுப்பு 'பி' பிரிவைச் சொன்னார்கள்.

இந்த வேலைக்கு ஆள் இல்லை என்று திருச்சியில் உட்கார்ந்துகொண்டு யாரும் சொல்லக் கூடாது. 1928 முதல் பொன்மலைப் பணிமனை, 1965 முதல் திருவெறும்பூரில் பெல், 1964-இல் ஆர்.இ.சி.யாகத் தொடங்கிய என்.ஐ.டி. நீராவியும் மின்சாரமும் தெரிந்த ஓய்வூதியர் இந்த ஊரில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். காலை நடைக்கு அம்மா மண்டபம் வரை போகிறவர், வழியில் ஒரு பள்ளிக்குள் நுழைந்து மாதம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். எழுதவேண்டியதைப் பிள்ளைகளே எழுதட்டும். தப்பாக எழுதினால் எங்கே தப்பு என்று கேளுங்கள், திருத்திக் கொடுக்காதீர்கள்.

ஸ்ரீரங்கத்துப் பள்ளியில் படிக்கட்டு விளக்கின் சுவிட்ச் கடைசியில் கிடைத்தது, துடைப்பம் வைக்கும் அலமாரிக்குப் பின்னால். யூ.பி.எஸ். இன்னும் இரவில் ஓடுகிறது. அணைத்தால் மறுநாள் ஆய்வகம் எழுந்திருக்காது என்ற பயம் தீரவில்லை. பிள்ளைகளின் பதிவேட்டில் அதற்கு நேரே 'ஆடு ஏற்றவர்' என்ற பத்தி காலியாக இருக்கிறது.

உங்கள் ஊரில் இப்படி ஏதாவது நடந்திருந்தால் நம் இதழுக்கு அனுப்புங்கள். அறிக்கை வேண்டாம், பிள்ளைகள் கையால் எழுதிய மீட்டர் பதிவேட்டில் ஒரு பக்கம் போதும். அடித்தல் திருத்தலோடு.