ஆதாயமிருந்தால் பேச்சு, இல்லையேல் மௌனம்

சட்டம் கேட்காத விவரங்களையும் ஒரு நிறுவனம் தனது ஆண்டறிக்கையில் தானாக முன்வந்து வெளியிடுகிறது என்றால், அதற்கு நேர்மை மட்டும்தான் காரணமா? கடந்த கால் நூற்றாண்டு அனுபவம் அப்படிச் சொல்லவில்லை.

இந்தியத் தொழில் கூட்டமைப்பு 1998-ல் நிறுவன நிர்வாகத்துக்கான நெறிமுறைகளை வெளியிட்டபோது, அவற்றைப் பின்பற்றுவது கட்டாயமல்ல. 1999-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்ற இன்ஃபோசிஸ், ஊழியர்களின் மதிப்பையும் தனது வணிகப் பெயரின் மதிப்பையும்கூட ஆண்டறிக்கையில் கணக்கிட்டுக் காட்டியது. உலகச் சந்தையில் முதலீடு திரட்ட வேண்டுமானால் முதலீட்டாளரின் நம்பிக்கையைப் பெற்றாக வேண்டும். ஆதாயத்துக்கான வெளிப்படைத்தன்மை என்றாலும் அதில் தவறில்லை.

ஆனால், நிறையச் சொல்வதெல்லாம் உண்மையாகிவிடாது. நியூயார்க் பங்குச் சந்தையிலும் இடம்பெற்றிருந்த சத்யம் நிறுவனம், 2008-ல் சிறந்த நிர்வாகத்துக்கான விருதையும் பெற்றது. 2009 ஜனவரியில் அதன் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டப்பட்ட இருப்பில் 5,000 கோடி ரூபாய்க்கும் மேல் பொய் என ஒப்புக்கொண்டார்.

மௌனமே ஆதாயம் என்றால் என்ன நடக்கும் என்பதற்கு அரசியல் நன்கொடையே சான்று. எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதை லாப நஷ்டக் கணக்கில் காட்ட வேண்டும் என்றது நிறுவனங்கள் சட்டத்தின் 182-வது பிரிவு. 2017-ல் நிதிச் சட்டத்தின் மூலம் மத்திய அரசு அதைத் திருத்தியது. மொத்தத் தொகையைக் குறிப்பிட்டால் போதும், கட்சியின் பெயர் தேவையில்லை என்றாயிற்று. மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம் என்கிற உச்சவரம்பும் நீக்கப்பட்டது.

பெயரைச் சொல்லக் கூடாது என்று அந்தத் திருத்தம் தடுக்கவில்லை. ஆனாலும், தேர்தல் பத்திரங்களை வாங்கியவர்களின் பட்டியலை நாடு அறிந்துகொண்டது ஆண்டறிக்கைகளின் மூலம் அல்ல. 2024 பிப்ரவரி 15-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தையும் இந்தத் திருத்தங்களையும் ரத்து செய்து, விவரங்களை ஒப்படைக்குமாறு பாரத ஸ்டேட் வங்கிக்கு உத்தரவிட்ட பிறகுதான்.

நன்கொடையாகத் தரப்படுவது பங்குதாரர்களின் பணம். அதைப் பெறும் கட்சி, ஆட்சிக்கு வந்தால் ஒப்பந்தங்களையும் உரிமங்களையும் வழங்கும் இடத்தில் இருக்கிறது. அந்தக் கணக்கு வாக்காளர்களுக்கும் தெரிந்தாக வேண்டும். தானாக முன்வந்து சொல்பவர்களைப் பாராட்டலாம். அவர்களை நம்பிச் சட்டத்தைத் தளர்த்துவது, கணக்குக் கேட்கும் உரிமையை மக்களிடமிருந்து பறிப்பதாகும்.