குதிரை பார்க்க நெடுந்தீவு போறவைக்கு

லீவு வந்தால் போதும், நெடுந்தீவு ரீல்ஸ் தொடங்கிவிடும். குறிகட்டுவானில் படகேறி ஒரு மணித்தியாலம் கடல். இறங்கி ஓட்டோ பிடித்தால் பெருக்குமரப் பொந்துக்குள் ஒரு படம், ஒல்லாந்தர் கோட்டையில் ஒன்று, புறாக்கூட்டில் ஒன்று, கடைசியாகக் குதிரை. பின்னேரப் படகில் திரும்பி வந்து 'மனிதர் கைபடாத தீவு' என்று எழுதிப் போடுவார்கள்.

கைபடாததா? அந்தத் தீவு முழுக்க ஓடுகிற முருகைக்கல் வேலிகளை ஆர் அடுக்கினது? சீமெந்தே இல்லாமல், கல்லுக்கு மேல் கல்லாக அந்தச் சனம் அடுக்கினது. குதிரைகூடக் காட்டு மிருகமில்லை. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வளர்த்து, பிறகு கைவிடப்பட்ட குதிரைகளின் வாரிசுகள்தான் அவை. 2015இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள், சரி. கோடையில் குளங்கள் வத்த, குதிரைகள் தண்ணியில்லாமல் செத்த செய்தி அதுக்குப் பிறகும் வந்தது. சனத்துக்கும் தண்ணிதான் பிரச்சினை. வாறவர் போத்தல் தண்ணியோடு வந்து வெறும் போத்தலை விட்டுட்டுப் போறார்.

இதையும் விடலாம். என்ர கோபம் வேற.

தீவில் குமுதினி நினைவுத்தூபி நிற்கிறது. 1985 மே 15, நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகைக் கடலில் மறித்து, பயணிகளை வெட்டியும் குத்தியும் கொன்றார்கள். செத்தவர்களில் குழந்தையும் உண்டு. வந்தவர்கள் கடற்படையினர் என்று உயிர்தப்பியவர்கள் சொன்னார்கள். இன்றுவரை ஒருவருக்கும் தண்டனை இல்லை. நீங்கள் கையை நீட்டி செல்ஃபி எடுக்கிறது அந்தக் கடலில்தான். 'பார்க்கவேண்டிய இடங்கள்' பட்டியலில் ஒல்லாந்தரின் புறாவுக்கு இடமிருக்கு, இவர்களுக்கு இல்லை. வெளிநாட்டுக்காரன் எழுதின பட்டியல் என்றால் பரவாயில்லை; எழுதுறது எங்கட பெடியள்.

சுற்றுலாவைச் செத்தவீடாக்காதே, தீவுக்குக் காசு வருது என்று ஒரு நண்பர் சொன்னார். எவ்வளவு வருது? சாப்பாட்டுப் பார்சலை யாழ்ப்பாணத்திலேயே கட்டிக்கொண்டு போய்ப் பின்னேரமே திரும்பினால், ஓட்டோக்காரருக்கு மட்டும்தான் வருது.

போகவேண்டாம் எண்டு சொல்லேல்லை. ஒரு இரவு தங்குங்கோ. அங்கயே காசு குடுத்துச் சாப்பிடுங்கோ. தூபிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கோ. குதிரையை மோட்டார்சைக்கிளில் துரத்தாதேங்கோ. குறிகட்டுவானில் படகு நிறைஞ்சு கிடந்தால், ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புற அம்மாவுக்கு முதல் இடம் விட்டுட்டு, நீங்கள் அடுத்த படகில் போங்கோ.