மூச்சுக் காற்றும் உரிமையே!

விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களின் அண்டி ஆபீஸ்களில் விவசாயத் தொழிலாளர் குடும்பப் பெண்கள் பலர் உழைக்கிறார்கள். அண்டியை வறுக்கும்போதும் தோட்டை எரிக்கும்போதும் எழும் புகை கண்ணை எரிக்கிறது, தொண்டையை அறுக்கிறது. தோட்டின் எண்ணெய் பட்டாலே தோல் வெந்துபோகிறது. அதன் ஆவி நெஞ்சுக்குள் போனால் என்ன ஆகும்? "தொழில் என்றால் அப்படித்தான்" என்பது முதலாளிகளின் பதில். இது தலைவிதியல்ல, தோழர்களே, லாபக் கணக்கு!

நம் பிள்ளைகள் படிக்கும் கல்லூரி ரசாயனக்கூடத்தைப் பாருங்கள். விஷவாயு எழும் வேலையைத் திறந்த மேஜையில் செய்யக்கூடாது. 'பியூம் ஹூட்' என்னும் கண்ணாடிக் கூண்டுக்குள் செய்யவேண்டும். விசிறி அந்தக் காற்றை இழுத்துக் குழாய் வழியே கூரைக்கு மேலே தள்ளுகிறது. புகை பிறந்த இடத்திலேயே பிடிபடுகிறது. மனிதனின் மூக்கை எட்டுவதில்லை.

கூண்டு இருந்தால் மட்டும் போதுமா? போதாது. அதன் வாயிலில் காற்று நிமிஷத்திற்குச் சுமார் 100 அடி வேகத்தில் உள்ளே பாயவேண்டும். விசிறியின் பெல்ட் தளர்ந்தாலும், குழாய் அடைத்தாலும், பின்புறத் துவாரங்களைப் புட்டிகள் மறைத்தாலும் இழுப்பு குறையும். கண்ணாடிக் கதவை உயரத் தூக்கி வைத்தாலும், பக்கத்தில் மின்விசிறி சுழன்றாலும் புகை வெளியே திரும்பும். விசிறியின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும்! மெல்லிய காகிதத் துண்டை வாயிலில் பிடியுங்கள். அது உள்ளே சாயாவிட்டால் வேலையை நிறுத்தவேண்டும். சாய்ந்தாலும் வேகத்தைக் கருவி வைத்து அளக்கவேண்டும்.

இதே விஞ்ஞானம் அண்டி ஆபீசுக்கும் பஞ்சாலைக்கும் பொருந்தும். புகை அடுப்பின் மேலே உறிஞ்சப்படுகிறதா, தொழிலாளியின் முகத்தைத் தாண்டிப் போகிறதா? விடுமுறை கழிந்து ஆலைக்கு வரும் முதல் நாள் நெஞ்சு இறுகுகிறதா? பஞ்சுத் தூசி நோயின் அடையாளம் அது.

தூசியும் புகையும் பிறக்கும் இடத்திற்கு முடிந்தவரை அருகிலேயே உறிஞ்சு கருவி வைக்கவேண்டும் என்றது 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 14-வது பிரிவு. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடித்தது. அதன் பிறகே, 1987 திருத்தத்தின் மூலம், அபாயத் தொழில்களில் ஆபத்தை எச்சரிக்கும் உரிமை தொழிலாளிக்குக் கிடைத்தது. அச்சட்டத்தின் இடத்தில் 2020-ம் வருஷத்துத் தொகுப்பை 2025 நவம்பர் 21 முதல் மத்திய சர்க்கார் அமலாக்கியிருக்கிறது. மின்விசையுள்ள கூடம் 'தொழிற்சாலை' எனப்பட முன்பு 10 பேர் போதும். இப்போது 20 பேர் வேண்டும். மின்விசை இல்லையென்றால் 20 என்பது 40 ஆகிவிட்டது. 20 பேரின் நெஞ்சைக் கெடுக்கும் புகை 10 பேரின் நெஞ்சை விட்டுவைக்குமா?

புகை பிறக்கும் இடத்திலேயே உறிஞ்சு கருவி! வருஷந்தோறும் காற்றுச் சோதனை. முடிவு தொழிலாளர் பார்வைக்கு! முதலாளியின் செலவில் நுரையீரல் பரிசோதனை! எத்தனை பேர் வேலை செய்தாலும் ஒரே பாதுகாப்பு! இவையே நமது கோரிக்கைகள்.

கூலிக்காக உழைப்பை விற்கிறோம், மூச்சை விற்கவில்லை. ஒவ்வொரு சங்கக் கிளையும் இந்த வாரமே காகிதத் துண்டோடு வேலையிடத்தைச் சோதிக்கட்டும். கண்டதை எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு நிர்வாகத்திடம் கொடுக்கட்டும். ஒன்றுபட்டு நிற்போம், சுத்தமான காற்றை வென்றெடுப்போம்!