களவு போன இடி

இடியைக் காணோம்!

வானத்து வேந்தன், தேவர்க்கெல்லாம் தலைவன், கிரேக்கர் தொழுத சீயஸ் — அவன் கைப்படைக்கலமான பேரிடியை எவனோ களவாடிவிட்டான். அனைத்தையும் காணும் கண் அவனுக்கு உண்டு என்று புலவர்கள் பாடி வைத்தனர். அந்தக் கண்ணுக்குக் களவாடியவன் யாரென்று தெரியவில்லை! ஐயுறுகிறான், உறுமுகிறான், குறித்த நாளுக்குள் இடி திரும்பாவிட்டால் போர் என்று முழங்குகிறான். அவனது ஐயத்துக்கு ஆளானவன் யார்? பன்னிரண்டு வயதுச் சிறுவன்!

அமெரிக்க எழுத்தாளர் ரிக் ரியோர்டன் 2005-இல் வெளியிட்ட ‘மின்னல் திருடன்’ என்ற புதினத்தின் கதை இது. சிறுவனின் பெயர் பெர்சி ஜாக்சன். கடற்கடவுள் பொசைடனுக்கும் மானிடப் பெண்ணொருத்திக்கும் பிறந்தவன். ஒலிம்பஸ் மலை இப்போது நியூயார்க் நகரில், எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 600-ஆம் மாடியில் இருக்கிறதாம். அந்தக் கட்டடத்துக்கு உள்ளவை 102 மாடிகளே. மிச்சத்தைக் கடவுளரே கட்டிக்கொண்டனர் போலும்! 2010-இல் கதை திரைப்படமாயிற்று. 2023-இல் தொலைக்காட்சித் தொடராயிற்று. எழுத்துக்கூட்டிப் படிக்கவே இடர்ப்படும் சிறுவனை வீரனாக்கிக் காட்டிய கதை என்பதால், வகுப்பில் கடைசிப் பெஞ்சுப் பிள்ளையும் இதை விரும்பிப் படிக்கிறான். நானும் சுவைத்தே படித்தேன்.

கற்பனையோடு நமக்குப் பகையில்லை, நண்பர்களே! பறக்கும் செருப்பும் பேசும் குதிரையும் இருந்துவிட்டுப் போகட்டும். கற்பனைக்குள் பொதிந்து ஊட்டப்படும் கருத்து ஒன்று உண்டே, அதன்மீதுதான் நம் வழக்கு.

சிறுவன் என்ன செய்கிறான்? அமெரிக்க நாட்டைக் குறுக்கே கடக்கிறான். அரக்கரோடு பொருதுகிறான். பாதாளம் புகுந்து மீள்கிறான். போர்க்கடவுள் ஏரீசையே வாட்போரில் வெல்கிறான். இத்தனை இன்னல்களுக்கும் பிறகு மீட்ட இடியைக் கொண்டுபோய்ச் சீயசின் காலடியில் வைக்கிறான். பரிசு என்ன? உயிரோடு போக விடுகிறான் சீயஸ்! இனி வானில் பறக்காதே. நான் திரும்பி வரும்போது இங்கே நில்லாதே. நின்றால் இதே இடி உன் தலைமேல் என்று மிரட்டி அனுப்புகிறான். காணாமற்போன மாட்டைத் தேடிப் பிடித்துத் தந்தவனுக்கு ஏழை உழவனும் ஒரு குவளை மோர் தருவான். வானாளும் வேந்தனுக்கு அந்த மனமும் இல்லை.

இடியை எடுத்தவன் யார்? இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் கதை முழுதும் ஓடுகிறது. அந்த இடி அவன் கையில் ஏன் இருக்க வேண்டும்? இதைக் கதையில் ஒருவரும் கேட்கவில்லை. நாம் கேட்போம்.

இடியைச் செய்தவன் சீயசா? இல்லை! கி.மு. 700-ஐ ஒட்டி வாழ்ந்த புலவர் ஹீசியட் செய்தவர்களின் பெயர்களையே சொல்லி வைத்திருக்கிறார்: பிரான்டீஸ், ஸ்டீரோப்பீஸ், ஆர்கீஸ். நெற்றியில் ஒற்றைக் கண் கொண்ட மூவர். முழக்கம், மின்னல், ஒளி என்பனவே அப்பெயர்களின் பொருள். தொழிலன்றி வேறு பெயர்கூட இல்லாத தொழிலாளர்! பெற்ற தந்தையே அவர்களைச் சிறையில் அடைத்தான். தன் தந்தை குரோனசை வீழ்த்தப் படைக்கலம் தேவைப்பட்டபோது சீயஸ் அவர்களை விடுவித்தான். இடியை அவனுக்கும், முத்தலை வேலைப் பொசைடனுக்கும், மறைக்கும் தலைக்கவசத்தைப் பாதாள வேந்தன் ஹேடீசுக்கும் அவர்கள் அளித்தனர். மூன்று உலகங்களுக்கும் மூன்று முதலாளிகள் வந்தனர். உலைக்களத்தில் வெந்தவருக்கு ஒரு முழ நிலம் உண்டா? இல்லை.

அந்த இடி யார்மேல் விழுந்தது தெரியுமா? அஸ்கிளீப்பியஸ் என்றொரு மருத்துவன், அப்போலோவின் மகன். நோய் தீர்த்தான், அத்தோடு நில்லாமல் இறந்தோரையும் எழுப்பினான். மக்கள் சாகாதிருக்கக் கற்றுக்கொண்டால் கடவுளர் கதி என்ன? சீயஸ் இடியை எறிந்தான், மருத்துவன் மாண்டான். கொலை செய்தவன், கொள்ளையடித்தவன், குடி கெடுத்தவன் எல்லாரும் நலமாயிருக்க, உயிர் காத்தவன்மேல் விழுந்தது வானத்து நீதி!

இதற்குமேல்தான் கதையின் கொடுமை. மகனை இழந்த அப்போலோ பொங்கி எழுந்தான். கொன்றவன்மேல் பாயவில்லை, பாயத் துணிவில்லை. இடியைச் செய்து தந்த ஒற்றைக்கண்ணரைக் கொன்றான்! எய்தவனிருக்க அம்பை நோவானேன் என்பது நம் பழமொழி. அப்போலோ அம்பை நொந்துகொள்ளவும் இல்லை. அம்பு வடித்த கொல்லனை வெட்டினான். அதற்கு அவன் பெற்ற தண்டனை, ஒரு மன்னனிடம் ஓராண்டு மாடு மேய்த்தல். செத்தவன் மருத்துவன், செத்தவன் தொழிலாளி, ஓராண்டு மாடு மேய்த்தவன் தேவகுமாரன், ஒன்றுமே ஆகாதவன் சீயஸ். இடியின் வரலாறு முழுவதும் இந்த நான்கு வரிகளுக்குள் அடங்கிவிடும்.

சால்மோனியஸ் என்ற மன்னன் கதையும் உண்டு. தேரின் பின்னே உலர்ந்த தோலையும் வெண்கலப் பாத்திரங்களையும் கட்டி இழுத்து, அந்த ஓசையே இடி என்றான். தீப்பந்தங்களை வீசி, அதுவே மின்னல் என்றான். எனக்கே பலியிடுங்கள் என்றான். செருக்குத்தான்! அவனை இடி கொன்றது. அவனோடு நின்றதா? ஊரையும் ஊராரையும் சேர்த்தே அழித்தது. மன்னன் செருக்குக்கு மக்கள் செய்த பிழை என்ன?

அச்சம் இருந்தால்தானே அறம் நிலைக்கும் என்று கூறுவோர் உண்டு. அவர்களை ஒலிம்பியாவுக்கு அழைக்கிறேன். அங்கே ஆட்டக்காரர்கள் சூளுரைத்த மன்றத்தில், இரு கைகளிலும் இடியேந்திய சீயசின் சிலை நின்றது. கயவரை நடுங்க வைக்கவே அமைத்த சிலை. அதன்முன் வஞ்சகம் செய்யோம் என்று ஆணையிட்டுத்தான் களம் புகுந்தனர். நடுங்கினரா? கி.மு. 388-இல் தெசலி நாட்டு யூபோலஸ் எதிராளிகள் மூவருக்குக் கையூட்டுக் கொடுத்துக் குத்துச்சண்டையில் வென்றான். இரண்டு இடிகளில் ஒன்றும் அசையவில்லை! அவனைக் கண்டுபிடித்தவர் மனிதர். தண்டம் விதித்தவர் மனிதர். அந்தத் தண்டப் பணத்தில் ஆறு வெண்கலச் சிலைகள் எழுந்தன. யாருக்கு? சீயசுக்கு! பிற்காலத்து வஞ்சகர்களும் தண்டம் கட்ட, வரிசை நீண்டது. 16 பீடங்கள் இன்றும் ஒலிம்பியாவில் இருக்கின்றன. அறத்தைக் காத்தது மனிதர் சட்டம். சிலை பெற்றது சும்மா நின்ற இடி.

கிரேக்கரிலேயே சிந்தித்தவர் இருந்தனர். கி.மு. 423-இல் ஏதென்ஸ் அரங்கில் ஏறிய ‘மேகங்கள்’ நாடகத்தில் அரிஸ்டோஃபனீஸ் ஒரு கேள்வியை வைத்தார்: பொய்ச்சூளுரைப்போரைத் தண்டிக்கவே இடி என்றால், ஊரறிந்த பொய்யர்களை விட்டுவிட்டுச் சீயஸ் தன் கோயிலையும் ஓக் மரங்களையும் தாக்குவதேன்? மரம் பொய் சொன்னதா? நாடகம் எழுதியவர் நகைப்புக்காகவே கேட்டார். நகைப்பு ஓய்ந்த பின்னும் கேள்வி ஓயவில்லை. கி.மு. முதல் நூற்றாண்டில் உரோமப் புலவர் லுக்ரீஷியஸ் அதையே உரக்கக் கேட்டார்: ஆளில்லாக் கடலிலும் பாலையிலும் இடியை வீணாக்குவதேன்? கை பழகிக்கொள்கிறானா?

விடையை 18-ஆம் நூற்றாண்டு தந்தது. பெஞ்சமின் ஃபிராங்கிளின், மின்னல் என்பது மின்சாரமே என்றார். கூரான இரும்புக் கம்பியைக் கூரைமேல் நிறுத்தி மண்ணில் இறக்கினால் வீடு பிழைக்கும் என்றார். 1752-இல் பிரான்சில் நடந்த சோதனை அவர் கூற்றை மெய்ப்பித்தது. காற்றை ஏறத்தாழ 30,000 பாகை செல்சியசுக்குச் சுடவைக்கும் மின்னல் — கதிரவனின் மேற்பரப்பைவிட ஐந்து மடங்கு வெப்பம் — ஓர் இரும்புக் கம்பிக்கு அடங்கிற்று! ஆயினும் அச்சம் அடங்கவில்லை. சேன்தொமேர் என்ற பிரெஞ்சு ஊரில் ஒருவர் தம் வீட்டில் இடிதாங்கி நிறுத்த, அண்டை வீட்டார் அலறினர். கழற்றிவிடு என்று ஊராட்சியார் ஆணையிட்டனர். வழக்கு மேல்மன்றம் சென்றது. 1783-இல் அறிவியலின் பக்கம் நின்று வாதாடி வென்ற இளம் வழக்கறிஞர் யார் தெரியுமா? ரோபஸ்பியர்! பின்னாளில் பிரெஞ்சுப் புரட்சியின் தலைவர்களில் ஒருவரானவர்.

வானத்து இடியின் கதை அத்தோடு முடிந்தது. மண்ணில் புதிய இடி பிறந்தது. மனிதரின் ஐதரசன் குண்டெல்லாம் சீயசின் இடிக்குமுன் வெறும் பட்டாசு என்கிறது புதினம். படிக்கும் பிள்ளைக்கு அது வியப்பு. நமக்கு அது நடுக்கம். 1954 மார்ச் முதல் நாள், பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த அந்தப் ‘பட்டாசு’ ஹிரோஷிமாக் குண்டைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. தொலைவில் மீன்பிடித்துக்கொண்டிருந்த சப்பானியப் படகொன்றின்மேல் நச்சுச் சாம்பல் பொழிந்தது. 23 பேர் நோயுற்றனர்; ஒருவர் அவ்வாண்டே மாண்டார். அந்த மீனவர் எந்தக் கடவுளை இகழ்ந்தார்?

புதிய இடிகளுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள்! அட்லஸ், டைட்டன், பொசைடன் — எல்லாம் அமெரிக்க ஏவுகணைகள். ‘நைக்கி சீயஸ்’ என்றே ஒன்றிருந்தது. அமெரிக்க, பிரிட்டானிய நீர்மூழ்கிக் கப்பல்களில் இன்றும் அணுகுண்டு தாங்கி நிற்கும் ஏவுகணையின் பெயர் டிரைடென்ட், முத்தலை வேல்! ஒற்றைக்கண்ணர் வடித்துத் தந்த அதே வேல்! பெயர் வைத்தவன் பொருள் தெரிந்தே வைத்தான்: கேள்வி கேட்க முடியாத கை, கணக்குக் காட்ட வேண்டாத படைக்கலம்.

‘திருடியவனும் நல்லவனல்லவே’ என்பர். உண்மை. புதினத்தில் இடியைக் களவாடிய லூக்கா, தந்தையாகிய கடவுள் கைவிட்ட பிள்ளை. அவன் குமுறலில் நியாயம் உண்டு. ஆனால் அவன் இடியைக் கொடுக்க எண்ணியது பழைய கொடுங்கோலன் குரோனசுக்கு. குரோனசா, சீயசா? இந்த இரண்டே வழிகளைக் காட்டி நம் பிள்ளைகளைத் தேரச் சொல்கிறது கதை. 2009-இல் வந்த ஐந்தாம் நூலில் பெர்சி, தனக்களித்த சாகாவரத்தை மறுத்து, கைவிட்ட பிள்ளைகளைக் கடவுளர் ஏற்க வேண்டும் என்கிறான். பாராட்டுகிறேன், பண்புள்ள பிள்ளை. அப்போதும் அது விண்ணப்பம்தான். இடி இருந்த கையிலேயே இருக்கிறது!

மூன்றாவது வழி உண்டு. ஒருவர் கையிலும் வேண்டாம் என்பதே அது. 2017-இல் ஐக்கிய நாடுகள் அவையில் 122 நாடுகள் அணுப்படைக்கலத் தடை ஒப்பந்தத்துக்கு வாக்களித்தன. 2021 சனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அணுகுண்டு வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றும் கையெழுத்திடவில்லை. இடியுள்ளவன் சட்டத்தை மதியான்; சீயஸ் மதித்தானா? ஆனால் ஒலிம்பியாவை எண்ணிப் பாருங்கள். இரு கை இடியும் காக்காத அறத்தை, எழுதிய சட்டமும் அஞ்சாத நடுவரும் காத்தனர்.

இளைஞர்களே! தம்பி தங்கையர் அந்தக் கதையைப் படிக்கட்டும், தடுக்காதீர். படித்து முடித்ததும் அருகே அமர்ந்து மூன்று கேள்விகள் கேளுங்கள். இடியைச் செய்தவர் யார்? அதற்குச் செத்தவர் யார்? அது அவன் கையில் இருக்கலாம் என்று சொன்னவர் யார்?

மூன்றாவது கேள்விக்குப் பிள்ளை விடை தேடித் திகைக்கும். திகைக்கட்டும், அந்த விடை எந்த ஏட்டிலும் இல்லை.