கம்பி கட்டினால் போதுமா?

புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்குக் கடையாணி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அறந்தாங்கி, அரிமளம், திருமயம் பக்கம் கோவில் திருவிழா வந்தால் பின்னாலேயே மாட்டுவண்டிப் பந்தயமும் வந்துவிடும். பெரிய மாடு, கரிச்சான் மாடு என்று பிரித்து, மைல் கணக்கில் தார்ரோட்டில் பறக்கும் வண்டிகள். அச்சின் நுனியில் செருகியிருக்கும் அந்தச் சின்ன ஆணி பாரம் தாங்குவதில்லை. சக்கரம் அச்சை விட்டு வெளியே ஓடிவிடாமல் மறித்து நிற்பது மட்டும்தான் அதன் வேலை.

ரேஸ் கார்களின் பிரேக் போல்ட்டுகளில் கட்டுகிற 'சேஃப்டி வயர்' செய்வதும் ஏறக்குறைய அதே வேலைதான். அது புரியாமலே கம்பி கட்டுகிறவர்கள் நிறைய. அதிலும் கல்லூரிக் கார் டீம்களில் ரொம்ப நிறைய!

முதலில் அந்தக் கம்பியைப் பார்த்துவிடலாம். போல்ட்டின் தலையில் குறுக்கே சின்னதாக ஒரு துளை இருக்கும். அதில் எவர்சில்வர் கம்பியைக் கோர்த்து, இரண்டு இழையாக முறுக்கி, பக்கத்து போல்ட்டின் தலையில் கொண்டுபோய் முடிக்க வேண்டும். பெரும்பாலும் 0.8 மி.மீ. கம்பி. ஓர் அங்குலத்துக்கு ஆறிலிருந்து எட்டு முறுக்கு. ஒரு போல்ட் கழலப் பார்த்தால், கம்பி மற்ற போல்ட்டை இறுகும் பக்கமாக இழுக்கும். அதனால் இரண்டுமே நகர முடியாது. திசை மாற்றிக் கட்டினால் கம்பியே போல்ட்டைக் கழற்ற உதவும்! இது விமானத்துறையிலிருந்து ரேஸுக்கு வந்த வழக்கம். (சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில் அந்தக் காலத்தில் கார், பைக் பந்தயம் நடந்ததும் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில்தான். 1990இல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்த பிறகுதான் நம் ஊர் ரேஸுக்கென்று தனி இடம் கிடைத்தது.)

பிரேக்கில் மட்டும் ஏன் இவ்வளவு கவனம்? வெப்பம்தான் காரணம். ரேஸ் டிஸ்க் பெரும்பாலும் ஒரே துண்டாக இருக்காது. வெளிவளையம் இரும்பு, நடுவில் இருப்பது அலுமினியம், இரண்டையும் சேர்ப்பது சின்னச் சின்ன போல்ட்டுகள். டிஸ்க் சில நூறு டிகிரிக்குச் சூடாகும். நைலான் வைத்த லாக் நட் 120 டிகிரியைத் தாண்டினால் பிடிப்பை இழக்கும். மரையில் தடவும் சாதாரண லாக்டைட் பசைக்கு 150 டிகிரி வரைதான் உத்தரவாதம். உலோகக் கம்பிக்கு அந்தக் கவலை இல்லை.

மாணவர்கள் கட்டும் ரேஸ் கார்களுக்கான ஃபார்முலா எஸ்.ஏ.இ. விதிகள் இதில் கறார். பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் போல்ட்டுகளுக்குக் கம்பி, காட்டர் பின், லாக் நட் என்று ஏதாவது ஒரு நிச்சயமான பூட்டு வேண்டும். ஸ்பிரிங் வாஷரும் லாக்டைட்டும் அந்தக் கணக்கில் சேராது. 2017இல் கோவை காரி மோட்டார் ஸ்பீட்வேயில் தொடங்கிய ஃபார்முலா பாரத் போட்டிக்குத் தயாராகிற எந்த டீமும் முதலில் மனப்பாடம் செய்யும் பாடம் இது.

ஆனால் வகுப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள்? மெஷின் டிராயிங்கில் 'நட் கழலாமல் இருக்கும் வழிகள்' என்ற தலைப்பில் ஸ்பிரிங் வாஷரும் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. படம் வரைந்தால் மார்க்கும் உண்டு. பக்கவாட்டு அதிர்வுதான் போல்ட்டைக் கழற்றுகிறது என்று ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969லேயே சோதனை செய்து காட்டிவிட்டார். ஸ்பிரிங் வாஷர் முழுதாக இறுக்கியதும் தட்டையாகி வெறும் வாஷராகிவிடுகிறது, பூட்டாக அது பயனற்றது என்று 1990இல் நாசா வெளியிட்ட கையேடு முகத்தில் அடித்த மாதிரி சொல்கிறது. இன்னும் எத்தனை பேட்ச் அந்தப் படத்தை வரைய வேண்டுமோ!

இப்போது கம்பிக்கே வருவோம். கம்பி போல்ட்டை இறுக்காது. இந்த ஒரு வரிதான் விஷயமே. போல்ட்டின் பலம் அதன் இழுவிசையில் இருக்கிறது. அதைக் கொடுப்பது டார்க் ரெஞ்ச். அந்த இழுவிசை குறைந்தால் இணைப்பு லேசாக வழுக்கத் தொடங்கும், போல்ட் ஒவ்வொரு பிரேக்குக்கும் வளைந்து வளைந்து கடைசியில் நடுவில் முறியும். தலை மட்டும் கம்பியில் அழகாகத் தொங்கிக்கொண்டிருக்கும். எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் கம்பியில் சில டிகிரி தளர்வு இருக்கும். குட்டையான போல்ட்டுக்குப் பிடிப்பில் பெரும்பகுதியை இழக்க அதுவே போதும்.

அதனால் கம்பி கட்டிய லூஸ் போல்ட், கம்பியே இல்லாத லூஸ் போல்ட்டைவிட மோசம். பின்னதை யாராவது சந்தேகப்பட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். முன்னதைப் பார்க்கிறவர் "சரி, கட்டியாச்சு" என்று நகர்ந்துவிடுவார். பரிசோதனைக்கு முந்தின ராத்திரி தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்து கம்பி முறுக்கும் டீம்கள் இதை யோசிக்க வேண்டும். மறுநாள் அந்தக் காரில் உட்காரப் போவது அவர்கள் வகுப்பு நண்பன்தான். துளைகள் நேராக வரவில்லை என்று போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுக் கட்டுவதும் நடக்கிறது. அப்படிச் செய்யவே கூடாது. வேறு போல்ட் போட்டுப் பார்க்கலாம், வாஷரை மாற்றிப் பார்க்கலாம்.

இன்னொரு கூத்து, கட்டடவேலைக் கட்டுக்கம்பி. சென்ட்ரிங் கம்பியைக் கட்டுகிற அந்த மெல்லிய இரும்புக் கம்பியை காலிப்பரில் சுற்றி "ரேஸ் லுக்" என்று போட்டோ போடுகிறார்கள். அது துருப்பிடிக்கும், சுலபமாக அறும்.

திருச்சி–புதுக்கோட்டை சாலையில் ஓடுகிற சாதாரண காருக்கு இந்தக் கம்பி தேவையே இல்லை. கம்பெனி அதை அப்படி வடிவமைக்கவில்லை, போல்ட் தலையில் துளையும் கிடையாது. வீட்டில் டிரில் வைத்துத் துளை போடுவது நல்ல போல்ட்டைக் கெடுக்கிற வேலை. அந்தக் காருக்கு வேண்டியது டார்க் ரெஞ்ச். பல ஒர்க்ஷாப்புகளில் இன்னும் கைப்பழக்கம்தான் அளவு. போதாததற்கு ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி ஓர் இழுப்பு! அப்படி மிதமிஞ்சி இறுக்கிய போல்ட்டும் ஒருநாள் முறியும். பிரேக் வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது, மானுவலில் உள்ள அளவுக்குத்தான் இறுக்கினீர்களா என்று கேட்டுவிடலாம். முறைக்கத்தான் செய்வார்கள், பரவாயில்லை.

டிராக்கில் ஓட்டுகிறவர்கள் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு கம்பி தளர்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். தளர்ந்திருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது கம்பியை மட்டும் மறுபடி முறுக்கிவிடக் கூடாது. அறுத்து எறிந்துவிட்டு, போல்ட்டை மாற்றி, டார்க் வைத்து இறுக்கி, புதுக் கம்பி கட்ட வேண்டும். வெட்டிய நுனியை உள்பக்கமாக மடித்து விடவும் மறக்க வேண்டாம். அடுத்து வீலைக் கழற்றுகிறவர் கையைக் கிழிப்பது பெரும்பாலும் அந்த நுனிதான்.