தூசியை மட்டும் எண்ணினால் போதாது

கடல் இருக்கும்வரை காற்று மாசில் சென்னைக்கு டில்லியின் கதி வராது என்ற நம்பிக்கை நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. தூசியைப் பொறுத்தவரை அதில் ஓரளவு உண்மை உண்டு. தரைமட்ட ஓசோனைப் பொறுத்தவரை அது ஆபத்தான நம்பிக்கை.

ஓசோனை எந்தப் புகைபோக்கியும் நேரடியாகக் கக்குவதில்லை. வாகனங்களும் அனல் மின் நிலையங்களும் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடுகள், பெட்ரோல், பெயின்ட், தின்னர் ஆகியவற்றின் ஆவியோடு வெயிலில் வினைபுரியும்போது காற்றிலேயே அது உருவாகிறது. மணலி சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் வட்டார அனல் மின் நிலையங்கள், துறைமுகத்துக்கு வரிசைகட்டும் கன்டெய்னர் லாரிகள் என மூலப்பொருளுக்கு இங்கே பஞ்சமில்லை. வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரவில் தரைக்காற்று கடலுக்குத் தள்ளிய மாசை மறுநாள் கடற்காற்று ஓசோனாகத் திருப்பிக் கொண்டுவரக்கூடும். கடலோரத்து லாஸ் ஏஞ்சலீஸைக் கடல் காப்பாற்றவில்லை. அந்நகரின் புகைமூட்டத்துக்கு இந்த வினைதான் காரணம் என்று வேதியியலாளர் ஹாகன்-ஸ்மிட் 1950-களிலேயே காட்டிவிட்டார்.

ஓசோனுக்கு இந்தியா 2009-இல் வரம்பு விதித்தது: எட்டு மணி நேரச் சராசரி, ஒரு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம். ஆனால் 2019-இல் தொடங்கிய தேசியத் தூய்மைக் காற்றுத் திட்டம் இலக்கு வைத்தது துகள்களுக்கு மட்டுமே. சாலைக்குத் தண்ணீர் தெளித்தால் தூசி அடங்கும், ஓசோன் அடங்காது. வாகனப் புகையை மட்டும் குறைத்தாலும் போதாது. நெரிசலான சாலையில் புதுப்புகையின் நைட்ரிக் ஆக்சைடே ஓசோனைத் தின்றுவிடுகிறது. காற்று போகும் திசையிலுள்ள புறநகரில்தான் அளவு ஏறுகிறது. 2020 ஊரடங்கில் வாகனங்கள் நின்றபோது உலகின் பல நகரங்களில் ஓசோன் கூடியதும் இதனால்தான். ஆகவே நைட்ரஜன் ஆக்சைடுகளோடு ஆவியையும் சேர்த்தே கட்டுப்படுத்த வேண்டும். பெட்ரோல் பங்குகளில் ஆவி மீட்புக் கருவி இருந்தால் மட்டும் போதாது, அது வேலை செய்கிறதா என்று சோதிக்க வேண்டும். மணலி ஆலைகளின் கசிவு அளவுகளை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். மாநகராட்சி எல்லையோடு நின்றுவிடும் திட்டம் எதற்கும் உதவாது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களும் அதில் இடம்பெற வேண்டும்.

ஓசோன் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும், ஆஸ்துமாவைக் கிளறும். வாயு என்பதால் சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. உச்சி வெயிலில் சாரம் ஏறும் கட்டடத் தொழிலாளியும் உணவுப் பொட்டலம் சுமக்கும் இளைஞரும் போக்குவரத்துக் காவலரும்தான் இதை அதிகம் சுவாசிக்கிறார்கள். வெப்ப அலைக்கு எச்சரிக்கை விடுக்கும் அரசு, மணிவாரியான ஓசோன் அளவையும் அதனுடன் தமிழில் அறிவிக்கட்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அடுத்த கோடைக்கு முன்பே இதைத் தொடங்க வேண்டும்.